மோல் கணக்கில் எங்கே வழுக்குகிறது?

கேள்வி: குடியாத்தத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன் சார். மோல் கணக்கில் எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது, அவகாட்ரோ எண்ணை எங்கே போடுவது என்று எல்லாமே குழப்பம். 98 கிராம் குரோமியம் சல்பேட்டில் குரோமியம் எத்தனை கிராம் என்ற கணக்கில் எனக்கு 31 வந்தது. விடை 26 என்கிறார்கள். வாய்பாட்டைச் சரியாகத்தான் எழுதினேன்.

பதில்: தம்பி, 31 என்று நீ சொன்னதுமே இடம் பிடிபட்டுவிட்டது. நீ வழுக்கியது மோலில் இல்லை, அடைப்புக்குறியில்.

குரோமியத்தின் இணைதிறன் இங்கே 3, சல்பேட்டுக்கு 2. இடம் மாற்றிப் போட்டால் இரண்டு குரோமியத்துக்கு மூன்று சல்பேட்: Cr₂(SO₄)₃. வகுப்பில் 'சிஆர் டூ, எஸ்ஓ ஃபோர் ஹோல் த்ரைஸ்' என்று ஒப்பிக்கிறோமே, அந்த 'ஹோல்' சும்மா வருவதில்லை. உள்ளே இருக்கும் கந்தகமும் மூன்று மடங்கு, ஆக்சிஜனும் மூன்று மடங்கு. நீ ஆக்சிஜனை 12 ஆக்கிவிட்டுக் கந்தகத்தை ஒன்றாகவே விட்டிருக்கிறாய். அணு நிறை குரோமியம் 52, கந்தகம் 32, ஆக்சிஜன் 16 என்று கூட்டினால் உனக்கு வந்தது 104 + 32 + 192 = 328. சரியான கூட்டல் 104 + 96 + 192 = 392. நான் திருத்திய விடைத்தாள்களில் மோல் கணக்கில் போன மதிப்பெண்ணில் பாதி இந்தக் கூட்டலில்தான் போயிருக்கும்.

இனி மோல். உங்கள் ஊரில் பீடி சுற்றுகிறவர்களுக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதானே பேச்சு? சின்ன பீடியோ பெரிய பீடியோ, ஆயிரம் ஆயிரம்தான். தராசில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். மோலும் அப்படி ஓர் எண்ணிக்கைக் கட்டு. 12 கிராம் கார்பனிலும் 52 கிராம் குரோமியத்திலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே: 6.022 × 10²³. இதுதான் அவகாட்ரோ எண். (2019 மே 20 முதல் இந்த எண்ணை வைத்தே மோலை வரையறுக்கிறார்கள். பழைய புத்தகத்தில் 'கார்பன்-12' என்று இருந்தால் பதற வேண்டாம், உன் கணக்கு மாறாது.)

குடியாத்தத்திலிருந்து ரயிலில் திருவண்ணாமலைக்குப் போக வேண்டுமென்றால் காட்பாடியில் இறங்கி மாறுவாய் அல்லவா? கிராமிலிருந்து கிராமுக்குப் போகவும் நேர் வண்டி கிடையாது, மோலில் இறங்கித்தான் மாற வேண்டும். மோலுக்குப் போகும்போது மோலார் நிறையால், அதாவது ஒரு மோலின் கிராம் நிறையால் (மேலே கூட்டிய 392 போல) வகு. மோலிலிருந்து கிராமுக்குத் திரும்பும்போது பெருக்கு. நடுவில் வாய்பாடோ சமன்பாடோ தரும் விகிதம்.

98-ஐ 392 ஆல் வகுத்தால் 0.25 மோல். ஒவ்வொன்றிலும் குரோமியம் இரண்டு, ஆகவே 0.5 மோல். அதை 52 ஆல் பெருக்கு, 26 கிராம்.

வேதிவினைக்கும் இதே பாதைதான். சுண்ணாம்புக்கல் சூளையில் வேகும்போது ஒரு மோல் கால்சியம் கார்பனேட்டிலிருந்து ஒரு மோல் சுட்ட சுண்ணாம்பும் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடும் வரும். 25 கிராம் கல் என்றால் 0.25 மோல், வாயு 11 கிராம், சுண்ணாம்பு 14 கிராம். இரண்டையும் கூட்டிப் பார், 25 வருகிறதா? பரீட்சையில் இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அவகாட்ரோ எண் எப்போது? அணுக்கள், மூலக்கூறுகள் 'எத்தனை' என்று கேட்டால், அல்லது அந்த எண்ணிக்கையைக் கொடுத்திருந்தால் மட்டும். கிராம் கொடுத்துக் கிராம் கேட்டால் அதைத் தொடாதே. ஒரு மோலுக்கு 22.4 லிட்டர் என்பதும் வாயுவுக்கு மட்டும், அதுவும் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில். தண்ணீருக்கு 22.4 போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்!

ஒரு விஷயம். ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளில் தோலுக்குப் போடுவது காரக் குரோமியம் சல்பேட். அதன் வாய்பாட்டில் ஹைட்ராக்சைடும் உண்டு, எனவே இந்த 392 அதற்குப் பொருந்தாது. அங்கேயும் குரோமியத்தின் இணைதிறன் 3 தான். மண்ணும் நிலத்தடி நீரும் கெட்டதாகச் செய்திகளில் அடிபடும் கொடிய நஞ்சு, ஆறு இணைதிறன் குரோமியம்.

இன்று ராத்திரி இதைப் போட்டுப் பார்: 171 கிராம் அலுமினியம் சல்பேட்டில் ஆக்சிஜன் எத்தனை கிராம்? அலுமினியம் 27. விடை 96 வராவிட்டால், மறுபடியும் அந்த 'ஹோல் த்ரைஸ்' பக்கம் போ.