அமெரிக்காவில் திவால் மனு: வீட்டில் எத்தனை பேர் என்று எழுதுவது?

கேள்வி: "நார்த் கரோலினாவில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள், அப்பாவுக்குப் பென்ஷன் உண்டு. சாப்டர் 7 மனுவில் ஆறு பேர் என்று போடலாமா?"

நான் வக்கீல் இல்லை. ஆஸ்பத்திரி பில்லில் மூழ்கி இதே மாநிலத்தில் மஞ்சள் கடுதாசி கொடுத்தவன். எனக்கும் இந்தச் சபலம் வந்தது.

வராமல் இருக்குமா? சாப்டர் 7 என்பது பெரும்பாலான கடன்களைத் தள்ளுபடி செய்யும் திவால் வகை; வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால் அது சுலபமாகக் கிடைக்கும். மனு போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு மாத வருமானத்தின் சராசரியைப் பன்னிரண்டால் பெருக்கி, அதே அளவுள்ள குடும்பத்துக்கு மாநிலத்தின் இடைநிலை வருமானம் (வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம்) என்னவோ அதோடு ஒப்பிடுகிறார்கள்; அதுதான் வரம்பு. 2005 சட்டத்தில் வந்த ஏற்பாடு. நாலு பேருக்கு மேல் போனால் தலைக்கு 11,100 டாலர் கூடும் (2025 ஏப்ரல் முதல்). நாலை ஆறு ஆக்கினால் உங்கள் வரம்பு 22,200 டாலர் ஏறிவிடும்.

இந்த ஒப்பீட்டைச் செய்யும் 122ஏ-1 படிவத்தின் 13ஆம் வரியில் நான் பென்சிலால் 6 என்று எழுதி எடுத்துப் போனேன். நாங்கள் நாலு பேர், கிரீன் கார்டில் எங்களோடேயே இருக்கும் மாமியார், மாடி அறையில் மச்சான். வக்கீலம்மா கேட்டதெல்லாம் சமையலறைக் கேள்விகள்: மளிகை யார் காசு? போன் பில் யார் கட்டுகிறார்கள்? வரிக் கணக்கில் யாரைக் காட்டினீர்கள்? மாமியாருக்கு எல்லாமே நாங்கள்தான், வரியிலும் காட்டியிருந்தோம். மச்சான் தனியாகச் சம்பாதித்து, தனியாகச் சமைத்து, மாதா மாதம் வாடகையும் கொடுப்பவன். 6ஐ அழித்து 5 போட்டார். அவன் கொடுத்த வாடகையை மட்டும் வருமானத்தில் சேர்த்துக்கொண்டார்! காசு கணக்கில் வரும், ஆள் வரமாட்டான்.

சட்டத்தில் 'வீட்டார்' என்பதற்குத் தெளிவான விளக்கம் இல்லை. சில நீதிமன்றங்கள் கூரைக்குக் கீழே உள்ள தலைகளை எண்ணும், சில வரிக் கணக்கைப் பார்க்கும். நம் மாநிலத்தில் 2012இல் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜான்சன் எதிர் ஜிம்மர் வழக்கில் சொன்னதுதான் நடப்பு: ஒரே வரவு செலவில் சேர்ந்து வாழ்கிறவர்களை எண்ண வேண்டும். பிரிந்த பெற்றோரிடம் மாறி மாறி இருக்கும் பிள்ளைகளை அந்த வழக்கில் முழு ஆளாகக்கூட எண்ணவில்லை, இருக்கும் நாட்களுக்கு ஏற்பப் பின்னமாகத்தான்.

இந்தக் கண்ணோடு பார்த்தால், சில மாதத்தில் விமானம் ஏறப்போகிற, சொந்தப் பென்ஷன் உள்ள பெற்றோரை நான் எழுதமாட்டேன். விசிட்டராக வந்தவர்களைப் பொதுவாக வரியிலும் காட்டியிருக்க முடியாது. எழுதுவது சத்தியப் பிரமாணத்தின் பேரில், மனுவைச் சரிபார்க்கும் டிரஸ்டி கையில் உங்கள் வரிக் கணக்கும் இருக்கும்.

நாலு பேருக்கான வரம்பைத் தாண்டினாலும் கதவு மூடிவிடாது. 122ஏ-2 படிவத்தில் செலவுகளைக் கழித்துப் பார்ப்பார்கள். சாப்பாடு, துணி, வைத்தியம் எல்லாம் அங்கேயும் ஆள் எண்ணிக்கைப்படிதான். ஆனால் வயதான பெற்றோர் தாங்களே சமாளிக்க முடியாத பராமரிப்புச் செலவை நீங்கள் தொடர்ந்து கொடுத்துவந்தால், அவர்கள் உங்களோடு இல்லாவிட்டாலும் அதைக் கழிக்க ஒரு வரி இருக்கிறது. அம்மாவின் மாத்திரைக்கு ஊருக்கு அனுப்பிய பணத்தின் ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள்.