பூ சேர்க்காத தேநீரில் பூமணம் எப்படி வருகிறது?

ஃபெங்ஹுவாங் டான்சோங் என்னும் சீன ஊலாங் (பச்சைத் தேநீருக்கும் கருந்தேநீருக்கும் இடைப்பட்ட வகை) தேநீரில் ஆர்க்கிட் மணம் வீசுகிறதே, பூவோ வாசனைப் பொருளோ சேர்க்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். முறையாகத் தயாரித்ததில் எதுவும் சேர்ப்பதில்லை. குவாங்டோங் மாகாணத்துச் சாவ்சோ பகுதியில் உள்ள ஃபெங்ஹுவாங் மலையில் பறித்த இலைகளை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டுகளில் இட்டு, இரவு நெடுகக் குலுக்குவதும் ஆறவிடுவதுமாக இருக்கும்போது, கசங்கிய இலை ஓரங்கள் சிவந்து, மணம் இலைக்குள்ளிருந்தே பிறக்கிறது.

இதன் ‘மி லான் சியாங்’ (தேன் ஆர்க்கிட் மணம்) வகையில், முதல் மடக்கிலேயே தேனும் பழுத்த லிச்சியும் கலந்த வாசனை எழும். விழுங்கிய பிறகு, நாவில் லேசான துவர்ப்பும், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தாற்போல் தொண்டையில் இனிப்பும் தங்கும். இன்னொரு வகையான ‘யா ஷி சியாங்’ என்றால் வாத்து எச்ச மணம் என்று பொருள். பெயருக்கு அஞ்ச வேண்டாம், அதுவும் பூமணம்தான்.

100 மி.லி. மூடிக் கிண்ணத்தில் 6 கிராம் இலையிட்டுக் கொதிநீர் ஊற்றி, 10 விநாடிக்குள் வடித்துவிடுங்கள். தாமதித்தால் கசப்பு மணத்தை அமுக்கிவிடும்.