கரேஜ் அம்மாவின் முதல் முகம்

கேள்வி: சென்ற இதழில் ஜெர்மானிய நடிகை தெரேஸெ கீஸெயைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சினிமாவில் பாட்டி வேடங்களில் தலைகாட்டியவர், போர் முடியும்வரை சுவிட்சர்லாந்தில் பத்திரமாக இருந்தவர். அவரை நடிகை மார்லீன் டீட்ரிச்சுக்கு இணையாக நாஜி எதிர்ப்பாளர் வரிசையில் வைப்பது மிகையல்லவா? ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் ‘மதர் கரேஜ்’ நாடகம் என்றாலும் உலகம் அதில் நடித்த ஹெலனெ வைகலைத்தானே நினைக்கிறது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மிகையல்ல. பத்திரமாக இருந்தார் என்று நீங்கள் எழுதியிருப்பதைத்தான் முதலில் மறுக்க வேண்டியிருக்கிறது. 1898 மார்ச் 6 அன்று மியூனிக்கில் ஒரு யூதத் துணி வணிகர் குடும்பத்தில் பிறந்த கீஸெ, சிறிய ஊர்களின் அரங்குகளில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, 1920களின் நடுவில் ஓட்டோ ஃபால்கன்பெர்க்கின் தலைமையில் இருந்த மியூனிக் காமர்ஸ்பீலெ அரங்கில் சேர்ந்து அந்நகரத்தின் முன்னணி நடிகையாக உயர்ந்தவர். நல்ல வேலையும் பெயரும் இருந்த அந்த நிலையில், எழுத்தாளர் தாமஸ் மன்னின் மகள் எரிகா மன், அவருடைய தம்பி கிளாவ்ஸ் மன் ஆகியோருடன் சேர்ந்து, ‘மிளகு ஆலை’ என்று பொருள்படும் ‘ஃபெஃபர்மியூலெ’ என்ற அரசியல் நையாண்டி அரங்கை அவர் தொடங்கினார். அதன் முதல் நிகழ்ச்சி 1933 ஜனவரி 1 அன்று நடந்தது. அதே மாதம் 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பேற்றார். மார்ச் மாதத்தில் மியூனிக் அடங்கிய பவேரிய மாநில அரசும் நாஜிகளின் கைக்குப் போனபோது, யூதராகவும் அவர்களை மேடையேறிப் பழித்தவராகவும் இருந்த கீஸெ எல்லையைக் கடந்தார். ஊரில் தங்கிப் போராடும் வாய்ப்பு அவருக்கு இருந்தது, அதை அவர் விட்டுவிட்டுப் போனார் என்ற எண்ணம் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. அப்படி ஒரு வாய்ப்பு அவருக்கு எங்கே இருந்தது?

சுவிட்சர்லாந்துக்குப் போன பிறகு அவர் வாய்மூடி இருக்கவும் இல்லை. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே ஜூரிச்சில் ஹிர்ஷன் விடுதியின் சிறிய மேடையில் மிளகு ஆலை மறுபடி சுழலத் தொடங்கியது. நிகழ்ச்சிகளை வடிவமைத்து இயக்கிய பொறுப்பில் பெரும்பகுதி கீஸெயுடையது. மனித உருவெடுத்து வந்த ‘முட்டாள்தனமாக’ மேடையில் நின்று, ஆட்சியாளர்களுக்குத் தான் எவ்வளவு வேண்டியவள் என்று அவர் பாடிய பாட்டில் யாருடைய பெயரும் வராது. வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1934 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் நாஜி ஆதரவாளர்களான ‘ஃபிரண்ட்’ இயக்கத்தினர் அரங்குக்குள் புகுந்து கலவரம் செய்தார்கள். காவல்துறையின் துணையோடு நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. பின்னர் ஜூரிச் மாநில நிர்வாகமே இத்தகைய அயல்நாட்டு அரசியல் மேடைகளுக்குத் தடை விதித்தது. ஆனாலும் குழு செக்கோஸ்லோவாக்கியா, நெதர்லாந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க் என்று சுற்றி, 1936க்குள் 1,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தி முடித்தது. அதே 1936இல் ஜான் ஹாம்ப்சன் என்ற ஆங்கில நாவலாசிரியரை கீஸெ மணந்தது பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காகத்தான். ஒரு நாடும் தனதென்று ஏற்காத ஒருவர் செய்துகொண்ட ஏற்பாடு அது. இதையா நாம் பத்திரம் என்று சொல்வது?

1937இல் நியூயார்க்கில் மிளகு ஆலை எடுபடாமல் போனபின், கீஸெ ஜூரிச்சின் ஷவுஸ்பீல்ஹவுஸ் அரங்கில் சேர்ந்தார். வதைமுகாமிலிருந்து வெளிவந்த வொல்ஃப்காங் லாங்ஹோஃப் உட்பட, ஜெர்மனியில் மேடை மறுக்கப்பட்ட பலர் அங்கே சில நாள் ஒத்திகையோடு அடுத்தடுத்துப் புதிய நாடகங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாஜிகளின் தணிக்கைக்கு உட்படாத ஜெர்மன் மொழி நாடகம் அந்த ஆண்டுகளில் இத்தனை தரத்தோடும் தொடர்ச்சியோடும் உயிர்வாழ்ந்தது அந்த அரங்கில்தான் என்று நான் கருதுகிறேன். 1941 ஏப்ரல் 19 அன்று, லியோபோல்ட் லிண்ட்பெர்க் இயக்கத்தில், ‘மதர் கரேஜ்’ உலகில் முதன்முறையாக மேடையேறியது அங்கேதான். படைகளின் பின்னே வண்டியில் சரக்கு விற்றுப் பிழைக்கும் கரேஜாக அந்த வண்டியை இழுத்து வந்தவர் கீஸெ. நாடகத்தை எழுதிய பிரெக்ட் அப்போது ஃபின்லாந்தில் அகதியாக இருந்தார்; அவரால் வந்து பார்க்க முடியவில்லை.

வைகலின் பெருமையை நான் குறைக்கவில்லை. 1949 ஜனவரியில் பெர்லினில் அவர் ஏற்ற கரேஜ் நாடக வரலாற்றின் பெரிய சாதனைகளுள் ஒன்று. ஆனால் அந்த பெர்லின் மேடைக்கு ஜூரிச்சே அடித்தளம் என்பதை மறக்கக் கூடாது. தேயோ ஓட்டோ ஜூரிச்சுக்காக அமைத்த மேடை வடிவமே பெர்லின் அமைப்புக்கும் மூலம். நாடகத்தின் பிரதியும் ஜூரிச்சின் அனுபவத்தால் மாறியது. பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பறிகொடுக்கும் கரேஜைப் பார்த்தவர்கள் கிரேக்கப் புராணத்தின் நியோபியைப்போல் ஒரு துயரத் தாயைக் கண்டு உருகினார்கள். போரில் வணிகம் செய்து பிழைப்பவளும் போருக்குப் பங்காளிதான் என்று காட்ட விரும்பிய பிரெக்ட்டுக்கு இது உவப்பாக இல்லை. காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட கரேஜ் தானாகவே சட்டைகளைக் கொடுத்த இடத்தை, அவள் கொடுக்க மறுக்க மற்றவர்கள் பறித்துக்கொள்வதாக அவர் திருத்தி எழுதினார். கீஸெயின் நடிப்பில் குறை இருந்ததால்தான் இந்தத் திருத்தம் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியானால் 1950இல் மியூனிக் காமர்ஸ்பீலெயில் பிரெக்ட் தாமே அதே நாடகத்தை இயக்கியபோது கரேஜாக மறுபடி கீஸெயை நடிக்க வைத்திருப்பாரா? பெர்லின் மேடையேற்றத்தின் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டே தனக்கேயுரிய ஒரு கரேஜை கீஸெ உருவாக்கினார் என்று பிரெக்ட் தம் குறிப்புகளில் பாராட்டியும் இருக்கிறார்.

அதன் பிறகும் புதிய நாடகங்கள் அவரைத் தேடி வந்தன. சுவிஸ் நாடகாசிரியர் டியூரன்மாட்டின் ‘மூதாட்டியின் வருகை’ 1956 ஜனவரி 29 அன்று ஜூரிச்சில் முதன்முதலாக அரங்கேறியபோது, தனக்குத் துரோகம் செய்த பழைய காதலனின் உயிரை ஊராரிடம் விலைபேசும் கோடீஸ்வரி கிளாராக நடித்தவர் கீஸெ. 1962இல் ‘இயற்பியலாளர்கள்’ நாடகத்தில் மனநல மருத்துவர் மத்தில்டெ ஃபொன் சாண்ட் வேடமும் அவருடையதே. டியூரன்மாட் அந்நாடகத்தை அவருக்கே காணிக்கையாக்கினார். 1970இல், தம் 72ஆம் வயதில், மேற்கு பெர்லினில் இயக்குநர் பீட்டர் ஷ்டைன் முதலான இளைஞர்களின் ஷவ்பியூனெ அரங்கில் பிரெக்ட்டின் ‘தாய்’ நாடகத்தின் தலைமைப் பாத்திரத்தை ஏற்றார்.

சினிமாவில் அவருடைய பங்கு சிறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் பாட்டி வேடம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1945இல் லிண்ட்பெர்க் எடுத்த ‘கடைசி வாய்ப்பு’ படத்தில், இத்தாலியிலிருந்து மலை கடந்து சுவிட்சர்லாந்துக்குத் தப்பிவரும் அகதிகளில் ஒருவராக அவர் வருகிறார். 1974இல் லூயி மால் இயக்கிய ‘லாகோம்ப் லூசியன்’ படத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த பிரான்சில் ஒளிந்து வாழும் யூதக் குடும்பத்தின் மூதாட்டி அவர்; பேச்சு மிகக் குறைவு, ஆனால் அந்த வீட்டின் அச்சம் முழுவதும் அவர் முகத்தில் தெரிகிறது. இரண்டுமே அவர் வாழ்க்கைக்கு வெகு அருகில் இருந்த கதைகள். 1975 மார்ச் 3 அன்று மியூனிக்கில் காலமானவரின் உடலை ஜூரிச்சின் ஃபுளுன்டெர்ன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டில் வெளிவந்த தம் ‘கறுப்பு நிலவு’ படத்தை லூயி மால் அவருக்குக் காணிக்கையாக்கினார்.

டீட்ரிச் ஹாலிவுட்டின் புகழை ஹிட்லருக்கு எதிராகப் பயன்படுத்தினார், அது மதிக்கத்தக்கது. கீஸெயிடம் அந்தப் புகழ் இல்லை. இருந்தது மேடை ஒன்றுதான், அதை அவர் முழுமையாகப் பயன்படுத்தினார். எனவே எங்கள் கட்டுரையில் அவருக்குக் கொடுத்த இடத்தை மாற்றுவதாக இல்லை. மதர் கரேஜின் கதையையும் இனி 1949இலிருந்து அல்ல, 1941இலிருந்தே தொடங்குவோம்.