வழக்கறிஞர் வேலையை விட்டுப் பேராசிரியர் ஆகலாமா?

கேள்வி: ஒரு சட்ட நிறுவனத்தில் 5 ஆண்டுகளாக நிறுவனச் சட்டப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஆசை விடவில்லை. வேலையை விட்டுவிட்டு முனைவர் படிப்பில் சேரட்டுமா? – வாசகி, செங்காங்

பதில்: விடுவதற்கு முன் ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள். பேராசிரியர் என்றதும் விரிவுரை மண்டபம்தான் கண்முன் வரும். ஆனால் துணைப் பேராசிரியராக எடுக்கும்போதும், பிறகு நிரந்தரப் பணி தரும்போதும் பல்கலைக்கழகத்தார் முதலில் புரட்டுவது நீங்கள் எழுதியதைத்தான்.

எதைப் பற்றி எழுதுவது? உங்கள் மேசையிலேயே விஷயம் இருக்கிறது. பட்டியலிட்ட நிறுவனத்தில் 9 ஆண்டுக்கு மேல் இயக்குநராக இருந்தவரைச் சுயேச்சை இயக்குநராக, அதாவது நிர்வாகத்தையும் பெரும்பங்குதாரரையும் சாராதவராக, கொள்ள முடியாது என்று 2023 ஜனவரியில் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை அறிவித்தது. சரி, அவரை வாக்களித்து அமர்த்துவது யார்? இங்கே பல நிறுவனங்களில் ஒரு குடும்பமோ அரசு சார்ந்த முதலீட்டாளரோ பெரும்பங்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில், பிரிட்டனில் பங்குகள் பலரிடம் சிதறிக் கிடப்பதால், நிர்வாகத்தைக் கண்காணிக்கத்தான் சுயேச்சை இயக்குநர். இங்கே அவர் சிறுபங்குதாரர்களைப் பெரும்பங்குதாரரிடமிருந்து காக்க வேண்டும். அமர்த்துவதோ அதே பெரும்பங்குதாரர்! ஒருவர் போய் இன்னொருவர் வந்தால் இந்த முடிச்சு அவிழுமா? இதைப் பிடித்தால், சிறுபங்குதாரர் நீதிமன்றத்தை நாட வழிவிடும் நிறுவனச் சட்டத்தின் 216ஆம் பிரிவும் கூடவே வரும். பத்தாண்டுக்குத் தாங்கும் கேள்வி இது.

முனைவர் பட்டம் இன்று பெரும்பாலும் தேவைப்படும். கேள்வி கையில் இருக்கும்போது போனால் வீணாகாது. சம்பளம் குறையும், வீட்டில் பேசிவிடுங்கள். சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் குடும்ப, குற்றவியல் சட்டத்தில் கவனம் செலுத்துவதால், உங்கள் துறைக்கு தேசியப் பல்கலைக்கழகமும் நிர்வாகப் பல்கலைக்கழகமும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

இந்தத் துறை ஆளைக் குறுக்கிவிடும் என்று அஞ்சாதீர்கள். நிறுவனச் சட்டம் கற்பித்த வால்டர் வூன்தான் நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது பெற்றோர் பராமரிப்பு மசோதாவைக் கொண்டுவந்து 1995-ல் சட்டமாக்கினார். 2008-ல் தலைமைச் சட்ட அதிகாரியும் ஆனார்.

ஒன்று மட்டும்: கட்சிக்காரர் கோப்பிலிருந்து ஒரு வரிகூட எடுக்கக்கூடாது. ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தை இணையத்தளத்தில் திறந்தே கிடக்கின்றன. முப்பது நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, 2024 பொதுக்கூட்டங்களில் அந்த 9 ஆண்டு வரம்பால் விலகியவர் யார், அந்த நாற்காலிக்கு வந்தவர் யார், அவருக்கும் பெரும்பங்குதாரருக்கும் என்ன தொடர்பு என்று சனிக்கிழமைப் பிற்பகல்களில் குறிக்கத் தொடங்குங்கள்.