வாசகர் கேள்வி-பதில்: ஃபிட்ஸ் ஸ்பெஷல் ரிவால்வர், அசலா போலியா?

கேள்வி: அமெரிக்க ஏலங்களில் 'ஃபிட்ஸ் ஸ்பெஷல்' எனப்படும் குட்டைக் குழல் ரிவால்வருக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

பதில்: அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கோல்ட்டில் 1918 முதல் 1944 வரை பணியாற்றிய ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்டு கையால் மாற்றியமைத்தவை இவை. குழலை 2 அங்குலம் அளவுக்கு வெட்டுவார். சட்டைப் பையில் சிக்காமலிருக்க ஹேமரின் (தோட்டாவை அடிக்கும் சுத்தியின்) கொம்பை எடுத்துவிடுவார். விரல் தடையின்றி நுழைய ட்ரிகர் கார்டின் (ட்ரிகரைச் சூழ்ந்த காப்பு வளையத்தின்) முன்பகுதியை நீக்கி, கைப்பிடியின் அடியை உருண்டையாக்கிவிடுவார். 2 அங்குலக் குழலோடு டிடெக்டிவ் ஸ்பெஷலை 1927-ல் கோல்ட் நிறுவனமே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஃபிட்ஸ் ஸ்பெஷல் ஒவ்வொன்றிலும் ஒரே ஆளின் கைவேலை தெரியும் என்பதுதான் மோகத்துக்குக் காரணம். அதிலும் கோல்ட்டின் 'நியூ சர்வீஸ்' ரிவால்வரின் பெரிய .45 உடலில் கட்டைவிரல் நீளக் குழல் நிற்பதைப் பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை.

கேள்வி: என்னிடம் காட்டப்பட்ட கோல்ட்டில் இந்த மாற்றங்கள் எல்லாமே இருக்கின்றன. நம்பி வாங்கலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து வாங்காதீர்கள். ரம்பமும் அரமும் உள்ள எவரும் இவற்றைச் செய்துவிடலாம். காலங்காலமாகச் செய்தும் வருகிறார்கள். விலை போவது ஆதாரத்துக்கு. வரிசை எண்ணைக் கொடுத்து, கோல்ட் ஆவணக் காப்பகக் கடிதத்தைக் கட்டணம் செலுத்திப் பெறுங்கள். அனுப்பிய தேதி, அனுப்பப்பட்ட முகவரி, அப்போதைய குழல் நீளம் அதில் இருக்கும். பெறுநர் ஃபிட்ஸ்ஜெரால்டு என்றிருந்தால் அதைவிட நல்ல சான்று வேண்டாம். நீளக் குழலோடு ஒரு கடைக்குப் போனதாக இருந்தால், மாற்றம் பிறகு நடந்திருக்கிறது. செய்தது யார் என்பதற்குத் தனிச் சான்று தேவை.

அடுத்து, உலோகத்தைப் பெருக்குக்கண்ணாடியில் பாருங்கள். நீளக் குழலை வெட்டியிருந்தால் மேலே பொறித்த நிறுவன முகவரி பாதியில் அறுந்திருக்கும். அசல் ஃபிட்ஸிலும் அப்படி இருக்கலாம் என்பதால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். பார்க்க வேண்டியது வெட்டின் தரம். குழல் வாயின் விளிம்பு வட்டம் பிசகாமல் இருக்கிறதா? ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் குண்டு விலகிப் போகும். குறிபார்க்கும் முன்முனையின் அடியில் வெள்ளிக்கோடு மின்னுகிறதா? அங்கே முனையை ஒட்டிய பற்றாசு, துப்பாக்கியின் இரும்புக்கு ஏற்றும் நீலச்சாயத்தை ஏற்காது. எழுத்துகளின் ஓரம் மழுங்கி, திருகுத் துளைகள் கிண்ணம்போல் குழிந்திருந்தால் பிற்காலத்தில் பாலிஷ் போட்டு மறுசாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

தோட்டா அறைகள் உள்ள சிலிண்டரைத் திறந்தால் ரிவால்வரின் உடற்கூட்டிலும், சிலிண்டரைத் தாங்கும் கிரேனிலும் வரிசை எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எண் அரைத்து அழிக்கப்பட்டிருந்தால் தொடவே வேண்டாம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம்.

கேள்வி: இதே வேலையைப் பழைய ஸ்மித் அண்டு வெஸன் ரிவால்வரில் செய்தவை மதிப்புள்ளவையா?

பதில்: கவனமாகப் பாருங்கள். கோல்ட்டில், காலிக்கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் ராடுக்கு முன்னால் பூட்டு கிடையாது. ஸ்மித்தில் குழலின் கீழுள்ள முன்பூட்டு ராடின் நுனியைப் பிடித்துக்கொள்ளும். குழலோடு அதையும் வெட்டிவிட்டு வேறு பூட்டு அமைக்காதவற்றில் சிலிண்டருக்குப் பின்பிடி மட்டுமே மிஞ்சும்.

கேள்வி: வாங்குமுன் இயக்கத்தை எப்படிச் சோதிப்பது?

பதில்: தோட்டா இல்லை என்று ஒவ்வொரு அறையையும் கண்ணால் பாருங்கள். போலித் தோட்டா போட்டு ட்ரிகரை மெதுவாக இழுங்கள். ஹேமர் விழுமுன் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். விழுந்த பிறகு ட்ரிகரை விடாமல் பிடித்தபடி சிலிண்டரை அசைத்துப் பாருங்கள். நல்ல நிலையிலுள்ள பழைய கோல்ட்டில் ஆட்டம் தெரியாது. ஆட்டம் இருந்தால் சிலிண்டரைத் திருப்பும் 'ஹேண்ட்' தேய்ந்திருக்கலாம். ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

வெட்டிய ட்ரிகர் கார்டுக்கு ஒருமுனைப் பிடிப்பு மட்டுமே. அழுத்தம் பட்டால் உள்வாங்கி ட்ரிகரில் உரசும். நிமிர்த்த முயன்றால் உடையலாம். எடை குறைந்த ஹேமரோடு அதை இயக்கும் ஸ்பிரிங்கையும் மெலிய வைத்திருந்தால் தோட்டா வெடிக்காமல் போகும். குட்டை எஜெக்டர் ராடு காலிக்கூட்டை முழுதும் தள்ளாது; .38 ஸ்பெஷல் கூடு சுமார் 29 மி.மீ. நீளம். இது அந்த அளவுக் குழலின் இயல்பு, பழுதல்ல.

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள்; ஈரம் தங்கித் துரு பிடிக்கும். லேசாக எண்ணெய் தடவினால் போதும். மங்கிய நீலம் எவ்வளவு மங்கியிருந்தாலும் மறுசாயம் ஏற்றக் கொடுக்க வேண்டாம்.