அன்பு காட்டித்தானே டாக்டர் இப்படி ஆனேன்?

கேள்வி: என் வயது 52. மறதி நோய் வந்த மாமியாரை மூன்று வருடமாக நான்தான் கவனித்துக்கொள்கிறேன். இரவில் பல தடவை எழுந்து நடமாடுவார், நானும் கூடவே எழுந்துவிடுவேன். "என் பையை நீதான் எடுத்து ஒளித்து வைத்தாய்" என்று தினமும் சண்டை. முன்பெல்லாம் எனக்கு எந்த நோயும் இருந்ததில்லை. இப்போது தூக்கம் போய்விட்டது, அடிக்கடி சளி பிடிக்கிறது, திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. டாக்டரிடம் காட்டினேன். ஈசிஜி, சர்க்கரை எல்லாம் நார்மல், நாலு பேரிடம் மனம் விட்டுப் பேசுங்கள் என்று அனுப்பிவிட்டார். பேசினால் படபடப்பு போய்விடுமா? அன்பாக இருந்தால் ஆரோக்கியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அன்பு காட்டித்தானே இப்படி ஆனேன்?

பதில்: கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

முதலில் உடம்பைப் பார்த்துவிடுவோம். உங்கள் வயதில் படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் மாதவிடாய் நிற்கும் காலத்து ஹார்மோன் மாற்றமே காரணமாக இருக்கலாம். தைராய்டு, ரத்தசோகை இரண்டும் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈசிஜி எடுக்கும் அந்தச் சில விநாடிகளில் படபடப்பு வராமல் இருந்திருக்கலாம். அடிக்கடி வருகிறது என்றால் 24 மணி நேர ஈசிஜி பதிவு உதவும். படபடப்போடு மயக்கமோ, நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். மனசு சரியில்லை என்று சொல்லி உடம்பைப் பார்க்காமல் விடுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

சரி, இவையெல்லாம் சரியாகவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் தொல்லைகள் கற்பனை ஆகிவிடாது. 1995-ல் அமெரிக்காவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். இரண்டு தரப்பினருக்கும் முன்கையில் ஒரே அளவில், 3.5 மில்லிமீட்டருக்குச் சின்னக் காயம் போட்டு, எப்போது ஆறுகிறது என்று பார்த்தார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. நோயாளியைக் கவனிப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட 49 நாள் ஆனது. ஓய்வே இல்லாமல் எச்சரிக்கையாக இருக்கும் உடம்பில் கார்டிசால் போன்ற, மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்களின் ஒழுங்கு கெடுகிறது. தூக்கமும் குறைந்தால் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் வேலையை மெதுவாகத்தான் செய்யும். உங்களுக்குச் சளி விடாமல் பிடிப்பதில் இதற்குப் பங்கு இருக்கலாம்.

அப்படியானால் அன்பு நல்லது என்று சொல்வது பொய்யா? இல்லை. ஆனால் எந்த அன்பைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. 2003-ல் ஸ்டெஃபனி பிரௌன் குழுவினர் 423 வயதான தம்பதிகளை ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். மற்றவர்களுக்கு உதவியவர்களும், துணைக்கு மன ஆதரவாக இருந்தவர்களும் அந்தக் காலத்தில் இறப்பது குறைவாக இருந்தது. அங்கே உதவி என்று கணக்கெடுத்தது நண்பருக்கோ உறவினருக்கோ வீட்டு வேலையில் கைகொடுப்பது, எங்காவது அழைத்துப் போவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாதிரியான காரியங்களை. போய்ச் செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். நீங்கள் செய்வது இரவும் பகலும் விடுப்பில்லாத காவல். இரண்டையும் ஒரே பெயரில் சொல்லி, ஒன்றின் பலனை இன்னொன்றிலும் எதிர்பார்க்கச் சொல்வது உங்களுக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்ற ஆராய்ச்சியாளர்கள் ஒரு பயிற்சி நடத்திப் பார்த்தார்கள். துன்பப்படுபவர்களின் வீடியோவைக் காட்டி, அவர்களின் வலியைத் தன் வலியாக உணரும்படி முதலில் பழக்கினார்கள். பங்கேற்றவர்களின் மனம் சோர்ந்தது, மூளையில் வலியோடு சம்பந்தப்பட்ட பகுதிகள் அதிகம் வேலை செய்தன. பிறகு அதே ஆட்களை, "இவர் நலமாக இருக்க வேண்டும்" என்ற எண்ணத்தை வளர்த்துக்கொள்ளப் பழக்கினார்கள். அதே மாதிரி வீடியோக்கள்தான். ஆனால் சோர்வு குறைந்தது, இதமான உணர்வு கூடியது, பாசத்தோடும் நிறைவோடும் தொடர்புள்ள வேறு பகுதிகள் வேலை செய்தன. அடுத்தவர் துன்பத்தில் மூழ்குவதும், கரையில் நின்று கை கொடுப்பதும் மூளைக்கு இரண்டு வேறு வேலைகள்.

அந்தப் பைச் சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். "நான் எடுக்கவில்லை" என்று நிரூபிக்கப் போகும்போது உங்கள் உடம்பும் சண்டைக்குத் தயாராகிவிடுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, தோள் இறுகுகிறது. அவருக்கோ வைத்த இடம் நினைவில் இல்லை, அந்தக் காலி இடத்தை மூளை திருட்டு என்ற கதையால் நிரப்புகிறது. இந்த நோயில் இது மிகவும் சகஜம், உங்கள் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த முறை பதில் சொல்வதற்கு முன்னால் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். "பாவம், பயந்து போயிருக்கிறார்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். அப்புறம், "பையைக் காணலையா அத்தை? வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். எல்லா நாளும் பலிக்காது. பலிக்கிற நாளில் சண்டை இருக்காது, படபடப்பும் குறையலாம். பலிக்காத நாளில் எரிந்து விழுந்துவிட்டால், அதற்காக இரவெல்லாம் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். இதே நிலையில் உங்கள் தங்கை இருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்களோ, அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.

இனி, நாலு பேரிடம் பேசச் சொன்ன அந்த ஆலோசனை. சொன்ன விதம் அவசரமானது, விஷயம் சரியானதுதான். 2010-ல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட் குழுவினர் 148 ஆய்வுகளை, மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, உறவுகள் வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக்காலம் முடியும்வரை உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகமாக இருந்தது. நல்ல உறவு இருந்தால் நோயே வராது என்று இதற்கு அர்த்தம் இல்லை, மாத்திரையை நிறுத்தவும் கூடாது. உறவு என்று ஒன்று இருந்தால் மட்டும் போதவும் போதாது. காயம் ஆறும் வேகத்தைத் தம்பதிகளிடம் பார்த்த 2005-ம் ஆண்டு ஆய்வில், ஒருவரை ஒருவர் குத்திப் பேசும் தம்பதிகளுக்குக் காயம் தாமதமாகவே ஆறியது. ஆதரவான கை பக்கத்தில் இருந்தால் நிலைமை வேறு. 2006-ல் ஜேம்ஸ் கோன் 16 மணமான பெண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, லேசான மின் அதிர்ச்சி வரலாம் என்று சொல்லிக் காத்திருக்க வைத்தார். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அபாய மணி தணிந்தது. மணவாழ்க்கை நன்றாக இருந்தவர்களுக்கு அது இன்னும் அதிகமாகத் தணிந்தது.

உங்கள் கடிதம் முழுவதிலும் கணவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அது எனக்கு உறுத்துகிறது. அவரிடம் பொதுவாக "எனக்கு முடியவில்லை" என்று சொன்னால், "சரி, கொஞ்சம் ஓய்வெடு" என்பதோடு முடிந்துவிடும். அதனால் திட்டவட்டமாகக் கேளுங்கள்: வாரத்தில் இரண்டு இரவு அவர் தன் அம்மாவின் அறையில் படுக்கட்டும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வேறு அறையில் தூங்குங்கள். எந்த இரண்டு இரவு என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடுங்கள். நாத்தனார் இருந்தால், போனில் நலம் விசாரிப்பதோடு நிற்காமல் வாரம் ஒரு மதியம் வந்து உட்காரச் சொல்லுங்கள். அந்த மதியத்தில் வீட்டு வேலை எதையும் செய்யாதீர்கள். மூன்று வருடத்தில் தொடர்பு விட்டுப்போன தோழி ஒருவராவது இருப்பார், அவரைப் போய்ப் பாருங்கள். மாமியாரின் நோயைத் தவிர வேறு எதையாவது பேசிவிட்டு வாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாகவே வருகிறது என்றால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலும், மனநல மருத்துவரைப் பாருங்கள். நோயாளியைக் கவனிப்பவர்களுக்கு மன அழுத்த நோய் அதிகம் வருகிறது, அதற்கு நல்ல சிகிச்சையும் இருக்கிறது.

மாமியாரின் மருத்துவரிடம் அடுத்து போகும்போது இரவு நடமாட்டத்தைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பகலில் நிறையத் தூங்குவது, சில மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. ஒரு வாரத்துக்கு அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், எழுந்து என்ன கேட்கிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குக் காரணத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருக்கும். அவர் தூங்கினால்தான் நீங்களும் தூங்க முடியும்.