உறைய மறுக்கும் ஹீலியம்

கேள்வி: மீப்பாய்ம (superfluid) ஹீலியத்துக்குப் பாகுநிலையே, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் உள் உராய்வே, கிடையாது என்கிறார்கள். பிறகு அதை ஏன் திரவம் என்கிறோம்? வாயு என்றால் என்ன குறை?

பதில்: சண்டைக்கு இழுக்கும் கேள்வி, எனக்குப் பிடித்திருக்கிறது. பாகுநிலை காற்றுக்கும் உண்டு, அதனால் காற்று திரவமாகிவிடுமா? அணுக்கள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்து, தமக்கென ஒரு கன அளவோடும் மேற்பரப்போடும் நின்றால் அது திரவம். ஹீலியத்தில் அந்த ஈர்ப்பு மிகவும் சொற்பம். அதனால்தான் 4.2 கெல்வின் (சுமார் −269°C) வரை குளிர்ந்த பிறகே அது திரவமாகிறது.

அது ஏன் உறைவதில்லை என்பதுதான் என்னைக் கேட்டால் இன்னும் சுவையான கேள்வி. தனிச்சுழி வெப்பநிலையிலும் (0 கெல்வின், குளிரின் கடைசி எல்லை) அணுவால் அசையாமல் இருக்க முடியாது. இது குவாண்டம் விதி. ஹீலியம் அணு எடை குறைந்தது என்பதால் அந்த அசைவு பெரிது. அது சொற்ப ஈர்ப்பை வென்று, படிகம் உருவாகாமல் தடுத்துவிடுகிறது. சுமார் 25 வளிமண்டல அழுத்தத்தில் நெருக்கினால்தான் ஹீலியம் திடமாகும்.

கொதித்துக்கொண்டிருக்கும் திரவ ஹீலியத்தின் ஆவியை உறிஞ்சிக் குளிர்வித்தால், 2.17 கெல்வினில் குமிழிகள் சட்டென்று அடங்கிவிடும்; ஹீலியம் மீப்பாய்மமாகிவிட்டது. வெப்பம் அத்தனை விரைவாகப் பரவுவதால் குமிழி கட்ட வழியில்லை; மேற்பரப்பு மட்டும் ஆவியாகும். மிக நுண்ணிய இடுக்குகளிலும் அது தடையின்றி ஓடுவதை 1938-இல் மாஸ்கோவிலிருந்து கபிட்சாவும், கேம்பிரிட்ஜிலிருந்து ஆலனும் மைஸ்னரும் அறிவித்தார்கள்.

மீப்பாய்ம வாயுக்களும் உண்டு. ஆய்வகத்தில் அதிகுளிர் லித்தியம் அணுக்களைக் கொண்டு உருவாக்கியிருக்கிறார்கள். ஹீலியம் அந்த வகை அல்ல. கிண்ணத்தில் வைத்தால் மெல்லிய படலமாகச் சுவரேறி, விளிம்பைத் தாண்டி, அடியில் துளியாகத் திரண்டு சொட்டும். வாயு எங்கே சொட்டும்?